குறை கூறும் செவி

தன் குற்றம் தனக்குத் தோன்றாதென்பது இசைக்கும் ஒக்கும். சென்ற விடுமுறையில் எம் இல்லத்து அறையொன்றில் வயலின், கித்தார், மிருதங்கம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிவுசெய்து, கணினியிற் கலந்து, பாட்டில்லாச் சிற்றிசையொன்றை ஆக்கினோம். பிறர் துயில் கலையாவண்ணம், நள்ளிரவில் ஒலியைத் தாழ்த்தியே அக்கலவையைச் செய்தோம். கேட்ட நண்பர் பலரும் "மிக நன்று" என்றனர். அச்சொல் எம்மை மகிழ்வித்ததேயன்றிக் கலவையை அணுவளவும் திருத்திற்றில்லை.

ஒருவர் மட்டும், "வயலின் எங்கே? மிருதங்கத்தின் தொப்பி முழக்கம் அதனை விழுங்கிவிட்டதே!" என்றார். முதலிற் சினந்தோம், மறுநாட் பகலில் உரக்க இசைத்துக் கேட்டபோது உண்மை தெளிந்தோம். ஒலியளவு தாழுங்கால் கனத்த நாதங்கள் செவிக்கு மிகக் குறைந்து தோன்றுமென்பதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1933ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினர். அக்குறையை நிரப்பப் புகுந்து முழக்கத்தை மிகுத்துவிட்டோம். வயலினின் மெட்டோ எமக்கு மனப்பாடம். ஆதலின் எம் செவி கேளாததையும் கேட்டதாகக் கொண்டது.

ஆகவே, மாணவ நண்பர்காள், "எவ்வாறுளது?" என வினவுதல் புகழை இரத்தலேயாம். "எக்கருவி மறைகின்றது? எவ்விடத்துச் செவி வருந்துகின்றது?" என வினவுமின். கூறியன யாவும் கொள்ளவேண்டுவதில்லை. மூவர் ஓரிடத்தையே சுட்டின், அவ்விடம் பழுதுடைத்தென்றே கொண்மின். தொல்காப்பியமும் அதங்கோட்டாசான் முன்னர்க் குற்றமற ஆராயப்பெற்றதென்று பாயிரம் கூறும். அந்நூற்கே ஆராய்வார் வேண்டுமாயின், எம் சிற்றிசைக்கு வேண்டாவோ? குறை கூறும் நண்பரை இழவாதிருப்போமாக.