குழாய்நீரில் குளோரின் வாடை

குழாய்நீரில் எழும் குளோரின் வாடையை முகஞ்சுளித்து நிந்திக்கிறவர்கள், அது எத்தனை உயிர்களைக் காத்து நிற்கிறதென்பதைச் சற்றே சிந்திக்க வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம். 1810-இல் ஹம்ப்ரி டேவி தனிமமென நிர்ணயித்து, அதன் வெளிர்பச்சை நிறத்தையொட்டி நாமகரணமும் செய்த இவ்வாயு, 1915-இல் பெல்ஜியத்து யுத்தகளத்தில் விஷமாக ஏவப்பட்டது மெய்யே. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்னரே, 1847-இல், வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில், பிரேதங்களை அறுத்த கையோடு கர்ப்பிணிகளைத் தொட வந்த மாணவர்களை, குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவிய பின்னரே உள்ளே வரலாமென்று செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் கட்டாயப்படுத்த, நூற்றுக்குப் பத்துக்கு மேலிருந்த தாய்மார் மரணம் சில மாதங்களுக்குள் இரண்டுக்கும் கீழே இறங்கிற்று. அத்தகையவரை அக்காலத்துப் பண்டிதர் பலர் மதியாது போனதை நினைக்கையில் இன்றும் மனம் பதைக்கிறது. வெள்ளம் வடிந்தபின் நம் ஊர்க் கிணறுகளில் கரைத்து ஊற்றப்படும் பிளீச்சிங் பவுடரும் அதே பதார்த்தந்தான். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருக்க வேண்டுமென்பது இந்திய நியமம். தெருக்கோடிக் குழாய்வரை அந்த அளவு வந்து சேர்கிறதா என்று ஜனங்கள் நகரசபையை விடாது கேட்க வேண்டும்.