சீனி வரியும் நம் சம்பளமும்



ஊழல் என்பது கொழும்பில் பெரிய மனிதர்கள் செய்வது, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கரும்பு வெட்டுபவருக்கும் தேங்காய் உரிப்பவருக்கும் அன்றாடச் சம்பளம் கைக்கு வந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். அப்படி இருந்ததற்கு நாம் கொடுத்த விலையை ஒரு கிலோ சீனியை வைத்தே கணக்குப் பார்ப்போம்.

2020 ஒக்டோபர் 13ஆம் திகதி ஒரு வர்த்தமானி வெளிவந்தது. இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட வியாபாரப் பண்ட அறவீடு 25 சதமாகக் குறைக்கப்பட்டது. மக்களுக்குச் சீனி மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ எந்தக் கடையிலாவது 50 ரூபா குறைத்து வாங்கியவர் இருந்தால் கை உயர்த்தட்டும். வரியில் குறைந்த காசு நம் பைக்கு வரவில்லை. சில மாதங்களுக்குள் அரசாங்கத்துக்கு வரவேண்டிய 1,500 கோடி ரூபாவுக்கு மேல் இல்லாமற் போனது என்ற கணக்கு நிதியமைச்சிலிருந்தே பாராளுமன்றக் குழுவுக்குப் போனது. அடுத்த வருடம் ஓகஸ்ட்டில் சீனி கிலோ 200 ரூபாவைத் தாண்டியது. அவசரகால விதிகளைக் கொண்டுவந்து விலை நிர்ணயிக்கும் நிலைக்கு நாடு போனது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நட்டம் யாருக்கு என்று அறிய நமக்கு நீதிமன்றம் தேவையில்லை, வீட்டுச் சீனிப் போத்தல் போதும்.

1,500 கோடி என்றால் எவ்வளவு? அதே காலத்தில் தேயிலை, றப்பர் தோட்டங்களில் நம் தோழர்கள் நாளுக்கு 1,000 ரூபா கேட்டு நின்றார்கள். வருடக்கணக்கில் போராடிய பிறகு 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. அதையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. 1,500 கோடியை 1,000 ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒன்றரைக் கோடி நாட்சம்பளம். தொழிலாளியின் சம்பளத்துக்கு வருடக்கணக்கில் வராத வர்த்தமானி, சீனி வரிக்கு ஒரே நாளில் வந்தது.

நம் மாவட்டத்துக்கு இதில் இன்னொரு அடியும் இருக்கிறது. இறக்குமதி வரி என்பது உள்ளூர்க் கரும்புக்குப் போட்ட வேலி. பல வருடங்கள் மூடிக்கிடந்து திரும்பத் திறந்த ஹிங்குராணை ஆலையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. வேலியைப் பிடுங்கும்போது அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விட்டுக்கொடுத்த வரியை யாரோ ஒருவர் கட்டித்தானே ஆகவேண்டும்? 2022இல் கஜானா வெறுமையானது. 2023 நவம்பரில் சீனி வரி மீண்டும் 50 ரூபாவானது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. பணக்காரனும் கூலிக்காரனும் கடையில் ஒரே அளவு வரிதான் கட்டுகிறார்கள். கூலிக்காரன் வீட்டில் அது பிள்ளையின் பால்மாவிலிருந்து போகிறது.

இது ஏன் நடக்கிறது? ஒரு கையெழுத்தில் கோடிக்கணக்கான காசு இடம் மாறலாம், கையெழுத்துப் போட்டவர் யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை என்ற நிலை முதற் காரணம். இரண்டாவது காரணம் நம்மிடம் இருக்கிறது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதை உதவியாகக் கேட்டு வாங்கிப் பழகிவிட்டோம். அண்மையில் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உம்மா, கணவரின் சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்க ஓர் இடைத்தரகருக்கு இரண்டு நாள் சம்பளத்தைக் கொடுத்ததாகச் சொன்னார். “அவர் நல்ல மனுசன் சேர், வேலையை முடிச்சித் தந்தார்” என்றார். அவரில் பிழை இல்லை. கணவர் உழைத்துச் சேர்த்த காசை எடுக்கவே ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று நம்ப வைத்திருக்கிறோமே, பிழை அங்கே.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்கு முன்னாள் ஜனாதிபதி, பிரதமர், நிதியமைச்சர் உள்ளிட்டோர் பொறுப்பு என்றும், மக்கள் வைத்த நம்பிக்கையை அவர்கள் மீறினார்கள் என்றும் தீர்ப்பளித்தது. இந்த நம்பிக்கைக்கு நம் ஊர்களில் அமானிதம் என்று பெயர். அடுத்தவர் பொருளை வைத்திருப்பவன் கேட்டவுடன் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் யாராவது கேட்டால்தானே அவன் காட்டுவான்?

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் அரச அலுவலகத்தில் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். அரசுக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கம்பனிகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. வீதி போட்ட காசு, வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியல், நிவாரணப் பட்டியல் எல்லாம் கேட்கலாம். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் கிளைக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். சேமலாப நிதிப் படிவமும் நிரப்பித் தருவோம். ஒரு சதமும் எடுக்க மாட்டோம்.

ஊரைக் கேட்பதற்கு முன் நம் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். தொழிற்சங்கச் சந்தாவும் அமானிதம்தான். வந்த சந்தாவும் செலவும் மாதாமாதம் கிளை அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஒட்டாத கிளையில் கேள்வி கேளுங்கள். நான் பொறுப்பாக உள்ள கிளையில் என்னிடமிருந்தே தொடங்குங்கள்.