ஒரே தொழில்நுட்பத் தலைவர் போதுமா?

ஒரு நிறுவனத்தில் சி.டி.ஓ., சி.ஐ.ஓ., பொறியியல் துணைத் தலைவர் என்று மூன்று பேர் எதற்கு, எல்லாம் தொழில்நுட்பம்தானே, விவரம் தெரிந்த ஒருவரே பார்த்துக்கொள்ளலாமே என்பது இன்று பரவலான பேச்சு. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் இந்தப் பேச்சு எடுபடாது. பெர்த்தும் அலைதடுப்புச் சுவரும் தலைமைப் பொறியாளரின் பொறுப்பு. கிரேனும் மின்சாரமும் தலைமை இயந்திரப் பொறியாளருக்கு. பைலட்டும் இழுவைக் கப்பல்களும் டெபுடி கன்சர்வேட்டருக்கு. முதலாமவர் பல ஆண்டுக் கணக்கில் யோசிக்கிறார், இரண்டாமவர் ஷிப்டு கணக்கில், மூன்றாமவர் அந்த நேரத்துக் காற்றைப் பார்த்து. கச்சான் காற்று வீசும் மாதத்தில் நிலக்கரிக் கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெர்த் காலி, கிரேனும் தயார். 'காற்று அடங்கட்டும்' என்று டெபுடி கன்சர்வேட்டர் சொன்னால் காத்திருக்கத்தான் வேண்டும். எத்தனை டன் இறக்கினோம் என்பதற்குப் பதில் சொல்லவேண்டியவரே கப்பலை உள்ளே விடவும் முடிவெடுத்தால், காற்று கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும். எந்தத் தொழில்நுட்பத்தில் பணம் போடுவது என்று பார்க்கும் சி.டி.ஓ.வையும், சொன்ன தேதியில் ஆள்களை வைத்து முடித்துக்கொடுக்கும் பொறியியல் துணைத் தலைவரையும், சம்பளக் கணக்கு முதல் பேக்கப் வரை உள்வேலை நிற்காமல் காக்கும் சி.ஐ.ஓ.வையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்தாலும் இதுதான் நடக்கும். பதவிக்குப் பதவி அப்படியே பொருந்தாது, ஆபத்து ஒன்றுதான்.

நன்றாகத் தெரிந்தவரே முடிவெடுக்கட்டும் என்பார்கள். இதே தூத்துக்குடிக் கடலை முத்துக் குளியாள்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனாலும் 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, எந்தப் பாரில், அதாவது எந்தச் சிப்பிப் படுகையில், குளிப்பது என்பதை அவர்களிடம் விடவில்லை. அரசின் ஆள்கள் முன்கூட்டியே மாதிரிச் சிப்பி எடுத்து, முத்தை மதிப்பிட்டு, பார் முற்றியிருக்கிறதா என்று பார்த்தார்கள். குளியாள்களுக்குக் கூலியே அள்ளிய சிப்பியில் ஒரு பங்கு. இளஞ்சிப்பியை விட்டுவைக்கும் முடிவை அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர்களின் அறிவிலோ நேர்மையிலோ குறை காண இதில் ஒன்றுமில்லை.

மூவர் இருந்தால் இழுபறி வருமே என்றால், வரும். துறைமுகத்தில் அந்த மூவருமே துறைத் தலைவர்கள். ஒருவருக்குக் கீழ் ஒருவரில்லை. ஒத்துவராதபோது விஷயம் சேர்மன் மேசைக்குப் போகிறது. சி.டி.ஓ.தான் மற்ற இருவருக்கும் மேல் என்று தானாக எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களில் அந்த இழுபறி தலைமை நிர்வாகியின் காதுக்கே எட்டாது. சிறிய நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இருபது பேர் உள்ள இடத்தில் மூன்று பெரிய சம்பளம் வேண்டாம். தேதிக்கு வாக்குக் கொடுத்தவரல்லாத வேறொருவர், அவர் எவ்வளவு இளையவரானாலும், 'இன்று வெளியிட வேண்டாம்' என்று நிறுத்திவைக்கும் அதிகாரம் பெற்றிருந்தால் போதும்.