சூட்டு வலி என்று திருப்பி அனுப்பாதீர்கள்

ஏழாம் மாதத்தில் வலி கண்டு காலனிப் பெண் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனால், எத்தனை வாரம் என்று கேட்பதற்கு முன் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். பிறகு, "சூட்டு வலிதான், வீட்டுக்குப் போ." திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சேரிகளில் வேலை செய்யும் நாங்கள் கூடவே நின்று பார்த்தது இது.

வலி உண்மையா என்றறிய மெஷின் வேண்டாம். பத்து நிமிடம் வயிற்றில் கை வைத்து எண்ண வேண்டும். அந்தத் தொடுதல்தான் சிலருக்குக் கசக்கிறது.

24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி என்றால் டெக்சாமெத்தசோன் ஊசி: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. பிள்ளையின் நுரையீரல் மூச்சுவிடத் தயாராக உதவும். விலை சில ரூபாய்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைக் கிராம சுகாதாரச் செவிலியரே போடலாம் என்று மத்திய அரசு 2014லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது.

இரவு டூட்டியில் ஒற்றை ஆளாக நிற்கும் ஒப்பந்தச் செவிலியர்களில் எங்கள் பெண்களும் உண்டு. பழியை அவர்கள் தலையில் கட்ட மாட்டோம். தீபத்துக்கு வரும் லட்சக்கணக்கானோருக்குக் கிரிவலப் பாதை நெடுக மருத்துவ முகாம் போடும் நிர்வாகத்தைத்தான் கேட்கிறோம்: ஜவ்வாது மலையிலிருந்தும் காலனிகளிலிருந்தும் வலியோடு வருகிறவளுக்கு முதல் ஊசியை எங்கே, எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? ரெஃபரல் சீட்டில் எழுதுங்கள். எழுதாத சீட்டுகளோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிறோம்.