ராஜபாளையம் நாய் வளர்ப்போருக்கும் வாங்குவோருக்கும் ஒரு வேண்டுகோள்



நாங்கள் ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள். இந்த இனத்துக்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனமும் பின்னர் இதைத் தனி இனமாகப் பதிவு செய்தது. பெருமைக்குக் குறைவில்லை. ஆனால், காது கேளாமலே வளரும் குட்டிகள் இந்த இனத்தில் தொடர்ந்து பிறக்கின்றன. அதைப் பேசாமல் மறைப்பது இனத்துக்குச் செய்யும் துரோகம்.

ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களுக்கு இந்தக் குறை வருவது ஏன்? நிறமிச் செல்கள் தோலில் மட்டுமல்ல, உட்காதிலும் இருக்கின்றன. வெண்மை தரும் மரபணு மாற்றத்தால் அவை அங்கே இல்லாமல் போனால், உட்காதுக்குப் போகும் ரத்த ஓட்டம் குன்றுகிறது. பிறந்த மூன்று நான்கு வாரங்களில் ஒலியை உணரும் செல்கள் அழிகின்றன. அதன்பின் மருந்தில்லை. அமெரிக்காவில் பரிசோதிக்கப்பட்ட, வெண்மை மிகுந்த டால்மேஷியன் இன நாய்களில் சுமார் 30 விழுக்காட்டுக்கு ஒரு காதோ இரண்டு காதுகளுமோ கேட்கவில்லை.

இரண்டு காதும் கேளாத நாய்க்கு நெடுஞ்சாலையில் வரும் லாரியின் ஹார்ன் கேட்காது. ஒரு காது மட்டும் கேளாத நாயோ நல்ல நாயாகவே தெரியும். கைதட்டிப் பார்த்தால் திரும்பிப் பார்க்கும். அதையே ஜோடி சேர்க்கிறோம்; குறை அடுத்த தலைமுறைக்குப் போகிறது. 'பேயர்' எனப்படும் செவிப் பரிசோதனைதான் இதைக் காட்டிக்கொடுக்கும். குட்டிக்கு ஆறு வாரம் ஆனதும் செய்யலாம். சில நிமிட வேலை.

பரிசோதனையோடு, குறைக்குக் காரணமான மரபணுவையும் தேட வேண்டும். 2005-இல் பாக்ஸர் இன நாய் ஒன்றின் முழு மரபணுத் தொகுதி வெளியானது முதல், நாய்களின் நோய்க்கான மரபணுவைத் தேடுவது எளிதாகியிருக்கிறது. தூய இன நாய்கள் சில முன்னோர்களிடமிருந்தே வந்தவை. அதனால் மனிதர் ஆய்வுக்குத் தேவைப்படும் மாதிரிகளில் ஒரு சிறு பங்கே போதும். ஆனால் நோயுள்ள நாய், நலமான நாய் இரண்டின் ரத்தமும், உண்மையான வம்சாவளிக் குறிப்பும் வேண்டும். இவை ஆய்வகத்தில் கிடைக்காது. நம் வீட்டில்தான் இருக்கின்றன.

ஆகவே கேட்டுக்கொள்கிறோம்:

1. செவிப் பரிசோதனை செய்யாமல் எந்த நாயையும் ஜோடி சேர்க்காதீர்கள். எங்கே செய்யலாம் என்று உங்கள் கால்நடை மருத்துவரிடமோ, வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள்.

2. உடன்பிறந்த நாய்களையும், தாயையும் மகனையும், தந்தையையும் மகளையும் சேர்க்காதீர்கள்.

3. ஒவ்வொரு ஈற்றிலும் எத்தனை குட்டி, எத்தனைக்குக் காது கேட்கவில்லை என்று எழுதி வையுங்கள். கேளாத குட்டியைக் கொல்லவோ தெருவில் விடவோ வேண்டாம். கைச்சைகை காட்டிப் பழக்கினால் அது நன்றாகவே வாழும்.

4. ஆய்வாளர்கள் கேட்டால் ரத்த மாதிரி கொடுங்கள். குறையை ஒளிக்காமல் சொல்லுங்கள். சொல்பவரை ஏளனம் செய்யாதீர்கள்.

வாங்குவோரிடம் ஒரு வார்த்தை. பால் வெள்ளை உடலுக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் கூடுதல் விலை கொடுப்பது நீங்கள்தான். வளர்ப்பவர் நீங்கள் கேட்பதைத்தான் கொடுப்பார். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விதிகள் சொல்கின்றன. அந்த எட்டு வாரத்துக்குள் பரிசோதனையை முடித்துவிடலாம். குட்டிக்கும் தாய் தந்தைக்கும் செய்த பரிசோதனைச் சான்றைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருமழிசை வட்டார ராஜபாளையம் நாய் வளர்ப்போர்