பழுதும் ஒரு பாடமே!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

சோதனைக் கூடத்தில் நம்மில் பலர் செய்யும் ஒரு காரியத்தை இங்கே வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். கூட்டு ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனையில், சென்ற ஆண்டு எனக்கு 9.1 என்று விடை வந்தது. எங்கே தவறினேன் என்று நான் தேடவில்லை. 9.8 வரவேண்டுமானால் அலைவு நேரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, அதையே பதிவேட்டில் எழுதினேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் அன்று நான் கற்றது என்ன? இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு பழைய அம்பாசிடர் கார்.

என் தந்தை மோட்டார் மெக்கானிக். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். அதுதான் எங்கள் வாழ்வு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கை விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதினேன். அது பொய்யன்று, ஆனால் ஏன் அப்படி எழுதினேன் என்பதை என் நெஞ்சு அறியும்.

கடந்த கோடை விடுமுறையில் அந்தக் கார் ஷெட்டுக்கு வந்தது. அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. இதுவோ அதற்கும் பல ஆண்டுகள் முந்திய பெட்ரோல் வண்டி, கார்பரேட்டர் வைத்தது. "இருபது கிலோமீட்டர் நல்லா ஓடுது. அப்புறம் மூச்சுத் திணறின மாதிரி நின்னுடுது. அரைமணி நேரம் சும்மா விட்டா தானா ஸ்டார்ட் ஆகுது" என்றார் உரிமையாளர். வேறு இரண்டு இடங்களில் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தார்கள், காயிலையும் மாற்றியிருந்தார்கள். பணம் செலவானதே தவிரப் பழுது போகவில்லை.

கார்பரேட்டரின் தத்துவம் நாம் வகுப்பில் படித்ததுதான். குறுகிய வழியில் பாயும்போது காற்றின் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய உண்மை இது. அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் பெட்ரோல் ஜெட் வழியே மேலெழுந்து, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் செல்கிறது. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் பிளக்கில் கரி படியும். குறைந்தால் பிளக் வெளுத்துப் போகும். இளம் பழுப்பு நிறமே நலத்தின் அடையாளம்.

இவ்வளவும் தெரிந்த நான் சும்மா இருப்பேனா? "அப்பா, வெயில் சூட்டுல பைப்பில் இருக்கிற பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்குது. பம்ப் மேலே ஈரத்துணி போட்டால் சரியாகிவிடும்" என்றேன். தந்தை மறுக்கவில்லை. "இருக்கலாம் தம்பி. ஆனா ஷெட்டுல வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. நிக்கிற எடத்துல பாக்கணும்" என்று வண்டியை எடுத்தார். நானும் உரிமையாளரும் உடன் சென்றோம்.

சொல்லி வைத்தாற்போல் இருபது கிலோமீட்டரில் வண்டி நின்றது. தந்தை உடனே ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு எஞ்சின் மேல் வைத்துச் சுழற்றச் சொன்னார். நீல நிறத்தில் பொறி பளிச்சென்று வந்தது. ஆக, காயில், பாயிண்ட், கண்டென்சர் ஆகிய மூன்றின் மேலும் இருந்த ஐயம் ஒரே நிமிடத்தில் நீங்கியது. பெட்ரோல் வரும் குழாயைக் கழற்றிச் சுழற்றினால், அங்கே ஒரு சொட்டும் வரவில்லை. நான் வெற்றிக் களிப்போடு ஈரத்துணியை எடுத்தேன்.

அப்போது தந்தை கேட்ட கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். "துணி போட்டு அரைமணி காத்திருந்தா வண்டி ஸ்டார்ட் ஆகும். சும்மா காத்திருந்தாலும் ஸ்டார்ட் ஆகுது. அப்போ துணியாலதான் சரியாச்சுன்னு எப்படிச் சொல்லுவே?"

நான் வாயடைத்து நின்றேன். எந்த நூலும் படிக்காத அவர், சோதனை முறையின் உயிர்நாடியையே தொட்டுவிட்டார்!

பிறகு உரிமையாளரிடம், "அண்ணே, இந்தத் தொல்லை தொடங்கறதுக்கு முன்னால கடைசியா என்ன மாத்தினீங்க?" என்று விசாரித்தார். பெட்ரோல் போட்ட இடத்தில் டாங்க் மூடி தொலைந்துபோனதாகவும், வேறொன்று வாங்கிப் போட்டதாகவும் யோசித்துச் சொன்னார் அவர். தந்தை பின்பக்கம் சென்று மூடியைத் திருகினார். 'உஸ்' என்ற ஓசையோடு காற்று உள்ளே பாய்ந்தது. குழாயை மாட்டிச் சிறிது நேரம் சுழற்றியதும் எஞ்சின் உயிர் பெற்றது.

காரணம் எளியது. பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்ப டாங்குக்குள் காற்று புக வேண்டும். அதற்கான சிறு துளை பழைய மூடியில் இருந்தது, புதியதில் இல்லை. உள்ளே அழுத்தம் குறைந்துகொண்டே வர, பம்பால் பெட்ரோலை இழுக்க முடியவில்லை. வண்டி நின்ற அரைமணியில் இண்டு இடுக்கு வழியே காற்று கசிந்து சமநிலை ஏற்பட்டது. தந்தை அத்தோடு விடவில்லை. மூடியைத் தளர்த்தி முப்பது கிலோமீட்டர் ஓட்டினார், நிற்கவில்லை. மீண்டும் இறுக்கி ஓட்டினார், நின்றது. அதன் பின்னரே, "மூடிதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

"இப்போது கார்பரேட்டர் எங்கே இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில்கூட எரிபொருளை மின்னணுக் கருவியே அளந்து தெளிக்கிறது. பழுது பார்க்கவும் ஸ்கேனர் வந்துவிட்டது. ஆனால் எந்த அளவு வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்பதைத்தான் ஸ்கேனர் காட்டும். ஏன் மாறியது என்பதை மனிதன்தான் தேட வேண்டும்.

தந்தையின் அறிவே போதும், கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கார்பரேட்டர் ஏன் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. முப்பது ஆண்டுகளாகக் கற்றதை அவர் எழுதி வைக்கவில்லை. புதிய வண்டிகள் பெருகப் பெருக அவருடைய ஷெட்டுக்கு வருவோர் குறைந்து வருகிறார்கள். காரணம் அறிந்தவனே புதியதைப் புரிந்துகொள்ள முடியும். அதற்குப் படிப்பு வேண்டும். ஆனால் தேடும் நேர்மை இல்லாத படிப்பால் யாருக்கு என்ன பயன்? நான் பதிவேட்டில் 9.8 என்று எழுதலாம். நின்றுபோன வண்டியை 'ஓடுகிறது' என்று அவரால் எழுத முடியுமா?

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு நாளாவது பழுதுள்ள கருவியை எங்கள் கையில் கொடுங்கள். மின்னழுத்தமானியில் முள் ஒரே பக்கம் விலகுகிறதா? இணைப்பை நீங்கள் சரிசெய்துவிடாமல் எங்களைத் தேட விடுங்கள். தவறான விடையை மறைக்காமல் எழுதி, அதன் காரணத்தைக் கண்டு சொல்பவனுக்கு மதிப்பெண் கொடுங்கள். மாணவ நண்பர்களே, நாமும் பின்னோக்கிக் கணக்கிடும் வழக்கத்தை விட்டொழிப்போம்.

இந்த ஆண்டு அதே கூட்டு ஊசல் சோதனையை அனுமதி பெற்று மீண்டும் செய்தேன். கத்தி விளிம்பு சரிமட்டமாக இல்லாததால் ஊசல் தள்ளாடி ஆடியதைக் கண்டேன். அதைச் சரிசெய்தபின் 9.7 வந்தது. அதை அப்படியே எழுதியிருக்கிறேன். அடுத்த விண்ணப்பத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'மோட்டார் மெக்கானிக்' என்றே எழுதுவேன்.