ஒரு செட்டு மாத்திரையில் என்னென்ன இருக்கிறது?

வலி மாத்திரையை அட்டையிலிருந்து பெயர் தெரியாமல் கத்தரித்து, மூன்று நான்கை ஒரு காகித உறையில் போட்டு "செட்டு" என்று விற்கும் பழக்கம் நிற்க வேண்டும். மருந்தாளுநராகப் பதிவு பெற்று மருந்துக்கடை நடத்துகிறவள் நான். விற்கிற இடத்தில் நின்றுகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

மணவூரில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் என் கடை இருக்கிறது. விடியற்காலையில் சென்னைக்கு மின்ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள், திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள், பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறியில் நாள் முழுக்க நின்று இடுப்பு ஒடிந்தவர்கள், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடி எடுத்துப் படியேறி முட்டியைப் பிடித்தபடி திரும்புகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடும்மா." ஆந்திரப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் "ஒள்ளு நொப்புலு" என்பார்கள். "நல்லா பவரா குடு" என்பது மட்டும் எல்லாருக்கும் பொது.

அந்த வலி பொய்யில்லை. கூலி வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் சோறு போகிறது. அதனால் வலி மாத்திரையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்று தெரியாமல் விழுங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்று அதிகம் விற்கும் வலி மாத்திரைகள் பெரும்பாலும் கூட்டு மருந்துகள். ஒரே மாத்திரைக்குள் அசெக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம் இருக்கும். சிலவற்றில் மூன்றாவதாகத் தசையைத் தளர்த்தும் மருந்தோ, வீக்கம் குறைப்பதற்கென்று செராஷியோபெப்டிடேஸோ சேர்ந்திருக்கும். மருத்துவர் உங்களைப் பார்த்து, நாளுக்கு இரண்டு, சாப்பிட்ட பிறகு, இத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தால் இது பயனுள்ள மருந்துதான். அதோடு வேறொன்று சேரும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

ஒரு அம்மா தன் பையைக் கடை மேசையில் கொட்டிக் காட்டினார். முட்டி வலிக்கு ஒரு கூட்டு மாத்திரை, நாளுக்கு இரண்டு. பல் வலிக்கு வேறு ஊரில் வாங்கிய இன்னொன்று, அதுவும் இரண்டு. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமால், நான்கு வேளை. அட்டையின் நிறம் வேறு, கம்பெனி வேறு, பெயர் வேறு. ஆனால் முட்டிக்கும் பல்லுக்கும் வாங்கியது ஒரே மருந்து! அசெக்ளோஃபெனாக் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அவர் 400 எடுத்துக்கொண்டிருந்தார். பாராசிட்டமால் மொத்தம் 3,900 மில்லிகிராம் ஆகியிருந்தது. திடகாத்திரமான பெரியவர்களுக்கே உச்ச வரம்பு 4,000தான். மெலிந்தவர்களுக்கும், கல்லீரல் கெட்டவர்களுக்கும், தினமும் குடிப்பவர்களுக்கும் அவ்வளவு ஆகாது. அந்த அம்மா நாற்பது கிலோ இருந்தாலே அதிகம். அட்டைகள் கையில் இருந்ததால்தான் கணக்குப் போட முடிந்தது. வெறும் காகித உறையோடு வந்திருந்தால் நானும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அந்த இனத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டது. அதனால் 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனித உடம்பு அதைத் தாங்கும். ஆனால் வருடக்கணக்கில் தினம் ஒன்றாக விழுங்கினால் தாங்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கூடவே "கேஸ் மாத்திரை" போட்டால் வயிற்றுக்குக் கொஞ்சம் காவல் கிடைக்கும், சிறுநீரகத்துக்குக் கிடைக்காது.

எனக்கு அதிகக் கவலை தருகிறவர்கள் பிரஷர் மாத்திரை சாப்பிடும் முதியவர்கள். எனலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் ஆகியவற்றில் ஒன்றும், அதோடு நீர் பிரிய ஒரு மாத்திரையும் எடுப்பவர்கள், மேலே ஒரு வலி மாத்திரையும் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தவருக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளை மத்திய அரசு தடை செய்தது. நீதிமன்றங்கள் வரை போய், 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்கு மறுபடி தடை வந்தது. 2024 ஆகஸ்ட்டில் இன்னும் 156. அதில் அசெக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமால் 125 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரையும் உண்டு. டிரமடால் என்ற வலி மருந்து 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. பாராசிட்டமாலோடு டிரமடால் கலந்த மாத்திரை தூக்கத்தையும் தலைசுற்றலையும் தரும், வலிப்பு வரவைக்கலாம், பழக்கமாகியும் விடும். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகும். மருத்துவர் சீட்டு இல்லாமல் யார் வந்து கேட்டாலும் என் கடையில் அது கிடையாது.

ஆனால் பெயர் விஷயத்தில் சட்டம் பாதியில் நிற்கிறது. மருந்தின் மூலப்பெயரைக் கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. மூன்றோ அதற்கு மேலோ மருந்துகள் சேர்ந்த மாத்திரைக்கு மட்டும் விலக்கு! எதில் அதிகம் ஒளிந்திருக்கிறதோ அதில்தான் எழுத்து சிறியதாக இருக்கிறது. அதுவும் ஆங்கிலத்தில். தறிக்காரர் எப்படிப் படிப்பார்? "இதில் பாராசிட்டமால் உள்ளது" என்று தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு அட்டையிலும் தமிழில் ஒரு வரி அச்சிட வைப்பது பெரிய காரியமில்லை. மாநில அரசு மத்திய அரசிடம் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

அதுவரை கடைக்காரர்களாகிய நாம் செய்யக் கூடியது இருக்கிறது. இரண்டே மாத்திரை கொடுத்தாலும் உறைமேல் மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை என்று தமிழில் எழுதிக் கொடுக்கலாம். ஒரு நிமிட வேலை. பெயர் தெரியாத குட்டி வெள்ளை மாத்திரையை உறையில் சேர்ப்பதை அடியோடு விட வேண்டும். அது ஸ்டீராய்டாக இருந்தால் அன்றைக்கு வலி பறந்துபோகும். தொடர்ந்து சாப்பிட்டவருக்குச் சுகர் ஏறும், முகம் ஊதும், எலும்பு தேயும்.

அரசிடம் இன்னொரு வேண்டுகோள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடிப் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வரும் பெண்கள், "வலிக்கு ஏதாவது வாங்கிப் போடுறீங்களா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும். பதிலைக் குறிப்பேட்டில் எழுதட்டும். அதே திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது; முட்டிக்கும் இடுப்புக்கும் பல நேரம் மாத்திரையைவிட அது நன்மை செய்யும்.

வாங்குகிறவர்களுக்கு: புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு வந்தாலும் சரி, பல் பிடுங்கிக்கொண்டு வந்தாலும் சரி, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் அட்டைகளை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதுவும் வேண்டாம். ரத்தக் கசிவை அவை கூட்டிவிடும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது. மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

யாராவது பாராசிட்டமால் கலந்த மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால், "நல்லாத்தானே இருக்காங்க" என்று காத்திருக்காதீர்கள். முதல் நாள் வாந்தியைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போகலாம். கல்லீரல் கெட்டது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. விழுங்கி எட்டு மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்கத் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். உடனே 108ஐ அழையுங்கள், காலி அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.